புஷ்பவதி குலம் விசாரித்த செடி

கனடாவின் மொன்றியல் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கலியாணம் பேசுகிற புஷ்பவதியிடம் ஒரு பெயரைச் சொன்னால் போதும். தகப்பன் எந்த ஊர், தாய் எந்த ஊர், சீதனச் சண்டையில் முகம் பாராமல் போன சித்தப்பன் எவன் என்று மூன்று தலைமுறை அவிழ்ந்து விழும். அவள் கேட்காமல் விட்ட கேள்வி மொன்றியலில் கிடையாது.

அப்பேர்ப்பட்ட வாயை 1996ஆம் ஆண்டுக் குளிர் அடைத்துவிட்டது. கணவர் யோகேந்திரனுக்குக் குடலில் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து சோற்று வாசம் பட்டாலே ஓங்காளிப்பார். எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கு என்பார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கலியாண வீடுகளில் ஊருக்கே பந்தி பார்த்தவள், ஒரு பிடி சோற்றுக்குக் கணவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரியில் ஒரு காலை, படிக்கட்டில் மாம்பழ வாசம் அடித்தது. வெளியே இடுப்பளவு பனி, உள்ளே மாம்பழம்! மேல்வீட்டுப் பிரெஞ்சுக்காரர் கயெத்தான் எங்கேயோ வாங்கிப் பழுக்க வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள். யோகேந்திரனுக்கு மாம்பழம் என்றால் உயிர். வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது, ஒரு துண்டு கேட்டு வாங்கிவிடுவோம் என்று ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

கயெத்தான் எசன்ஸ் தொழிற்சாலையில் ஐஸ்கிறீமுக்கும் சவர்க்காரத்துக்கும் வாசனை கலந்து ஓய்வு பெற்றவர். அவள் கேட்டதும், இங்கே மாம்பழமே இல்லை என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கணவரின் கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, உள்ளே கூட்டிப்போய் உடுப்பு அலுமாரியைத் திறந்தார். பளிச்சென்ற விளக்கின் கீழே நாலு கஞ்சாச் செடிகள். அவருடைய முதுகுவலிக்காம்.

புஷ்பவதி வாசல் பக்கம் திரும்பினாள். "கடவுளே, பொலிசுக்குத் தெரிஞ்சால்!" என்று வாய்விட்டே சொன்னாள். ஆனால் கால் நகரவில்லை. பழக்கதோஷம் யாரை விட்டது? அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேவிட்டாள்: இதுகளுக்குத் தாய் எவடம், தகப்பன் எவடம்?

அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி! தாய் ஆப்கான் மலைக்காரி. கட்டை உடம்பு, அகன்ற இலை, ஆளை உறங்க வைக்கிற குணம். தகப்பன் கேரளத்து மலைச்சரிவுக்காரன். நெடுத்த உடம்பு, மெல்லிய இலை, ஆளைத் துள்ள வைக்கிறவன். தாயின் பூவில் தகப்பனின் மகரந்தத்தைத் தன் கையாலேயே தடவி முடிச்சுப் போட்டாராம். பிறந்தவர்கள் இந்த நாலு பெண்கள். முகர்ந்து பார் என்றார்.

ஒருத்தியிடம் எலுமிச்சைத் தோல். அடுத்தவளிடம் மிளகு. மற்றவளிடம் மழையில் நனைந்த பைன் மரம். கடைசிக்காரியிடம், அம்மாடி, சாட்சாத் யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம்! ஒரு வயிற்றுப் பிள்ளைகளா இவர்கள்? மாம்பழம் மாதிரி என்று சொல்லாதே, மாம்பழத்தில் இருக்கிற அதே பொருள்தான் இது என்றார் கயெத்தான். மிளகில் இருப்பதும் அப்படியே அந்த மிளகு வாசச் செடியில் இருக்கிறதாம். வாசம் தருகிற இந்தப் பொருள்களுக்குத் தெர்ப்பீன் என்று பெயராம். புஷ்பவதி வாய் பிளந்து நின்றாள். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கலியாணம் முடித்து வைத்தவளுக்கு, எந்தப் பிள்ளை எவரின் குணத்தைக் கொண்டு வரும் என்று ஒருநாளும் சொல்லத் தெரிந்ததில்லை. "முருகா, எதுக்குள்ளை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்!" என்றாள். கண் கலங்கிவிட்டது.

மாம்பழக்காரி தாயைக் கொண்டு பிறந்தவள், பசியும் தருவாள், உறக்கமும் தருவாள், இந்த மருந்து சிலருக்குத்தான் கேட்கும் என்று சொல்லி ஒரு பூவைக் கொடுத்தார். கொஞ்சம் போதும், வேலை செய்ய நேரம் எடுக்கும், பொறுத்திரு என்றும் சொன்னார்.

ஊரில் ஆட்டிறைச்சிக் கறிக்குள் இரகசியமாகக் கஞ்சா இலை போடுவதைக் கண்டவள் அவள். பூவை நெய்யில் வதக்கி, கணவரிடம் விஷயத்தைச் சொல்லி, கஞ்சியில் ஒரு கரண்டி விட்டுக் கொடுத்தாள். அவர் முக்கி முனகி விழுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். ஒருதரம் மட்டும் பரிமாறி நிறுத்துவது அவள் வீட்டில் ஆகாத காரியம். கை தானாக இன்னொரு கரண்டி நெய்யை விட்டது.

மத்தியானம் படுத்தவர் எழும்பவில்லை. உலுக்கினாள், கிள்ளினாள், அசைவில்லை. "ஐயோ, என்ரை மனிசனை நானே கொன்றுபோட்டன்!" என்று மேலே ஓடினாள். கயெத்தான் செருப்பும் போடாமல் இறங்கி வந்தார். இரண்டு கரண்டி என்று கேட்டதும் தலையில் கை வைத்தார். பிறகு நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, நித்திரைதான் என்றார். என்றாலும் போகவில்லை. குசினிக் கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே இருந்துவிட்டார்.

பொழுது சாயும் நேரம் யோகேந்திரன் கண்ணைத் திறந்தார்.

"பசிக்குது" என்றார்.

புஷ்பவதி துள்ளி எழும்பினாள். கிடந்த சோற்றையும் பருப்பையும் அள்ளி வந்தாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொன்று. மூன்றாவது வாயில் மெல்லுவதை நிறுத்தி முகத்தைச் சுளித்தார். போச்சு, சத்தி எடுக்கப் போகிறார் என்று அவள் வாளியை எடுத்து நீட்டினாள்.

"இஞ்சாரும், பருப்புக்கு உப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் போடும்."

"ஓம், காணாதுதான்! காணவே காணாது!" என்று கத்தி அழுதுகொண்டே குசினிக்கு ஓடினாள். கயெத்தான் ஒன்றும் விளங்காமல் பயந்து எழும்பினார். உப்புப் போத்தலோடு ஓடிவந்து கவிழ்த்ததில் பாதி கட்டிலில் கொட்டியது. யோகேந்திரன் அவளை ஏசி ஏசியே கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.