நரம்பு கட்டக் கொடுத்த பேட்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து அச்சு அசலாக இருந்தால்தான் எனக்கு உறுத்தும். நிஜமான மனுஷன் எவனும் இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடமாட்டான். வேலையை விட்ட பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. காய்கறிக்காரரின் தராசு, லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவரின் அடையாள அட்டை, என் கண்ணுக்குத் தப்பி எதுவும் கொல்கத்தா டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட்டுக்குள் நுழைய முடியாது. அப்படியிருக்க, பாலிகஞ்சில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர் எனக்கே தண்ணி காட்டினார்.

என் கணவருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. இந்தக் குளிர்காலத்தோடு ஓய்வு. அவர்கள் கிளப்பில் வருஷாவருஷம் காளி பூஜை முடிந்த கையோடு, பெரியவர்களுக்கென்று இரட்டையர் ஷட்டில் போட்டி நடக்கும். இவர் ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டம் வரை வருவார், தோற்பார். எதிரில் எப்போதும் அதே இரண்டு பேர்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தோல்விகளை எல்லாம் பார்த்தவள் நான். அவர் கைகுலுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார், எனக்குத்தான் வயிறு எரியும். ஓய்வு பெற்றுவிட்டால் கிளப்பும் இல்லை, போட்டியும் இல்லை. இந்த வருஷம் அந்தக் கோப்பை வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அவரைவிட நான்தான் துடித்தேன். காலையில் லேக்கைச் சுற்றி ஓடச் சொல்லி எழுப்பியதும் நான்தான்.

மஹாளயத்துக்கு முன்னால் அவருடைய பேட்டில் நரம்பு அறுந்தது. வேறு பேட் வாங்கலாம் என்றால் கேட்கமாட்டார். கைப்பிடி அவர் கைக்குப் பழகியது, அதை இன்னொருத்தர் தொடக்கூட விடமாட்டார். வழக்கமாகப் போகும் கடையில் புது நரம்பு கட்டக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டொரு நாளில் ஆகிவிடும் என்று நினைத்தோம். நினைத்தேன் என்பதுதான் சரி.

இரண்டொரு நாள் கழித்து நானே போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், வாய் நிறைய "திதி, திதி" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்.

"நரம்பு கட்டற மிஷின் கெட்டுப்போச்சு திதி. ஹோயே ஜாபே."

ஹோயே ஜாபே என்றால் ஆகிவிடும். கொல்கத்தாவில் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாதா? அடுத்த தடவை போனபோது மிஷின் சரியாகியிருந்தது, கட்டுகிற ஆள் ஊருக்குப் போயிருந்தான். அதற்கடுத்த தடவை ஆள் வந்திருந்தான், நல்ல நரம்பு சரக்கு வரவில்லை. ஒரு பொய்யை விட்டு இன்னொரு பொய்க்குத் தாவுகிறவனுக்கு எப்படியும் மூச்சு வாங்கும், இவர் நிதானமாகச் சிரித்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, கட்டவேண்டாம். இருக்கிறபடியே பேட்டைக் கொடுங்க."

"அது குடோன்ல இருக்கு திதி. சாவி இப்ப இங்க இல்லை."

கடைக்குப் பின்னால் மூங்கில் தட்டி மாதிரி ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் நாலு அலமாரி. மாடியில் அவர் வீடு. இதில் குடோன் எங்கிருந்து வந்தது? பேட்டை எவனுக்கோ விற்றுவிட்டான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

வீட்டில் வந்து சொன்னபோது இவர் பேப்பரை மடக்கக்கூட இல்லை.

"பூஜை நேரம். வேலை அதிகமா இருக்கும். விடு."

"என்னங்க, வித்துட்டான்னு சொல்றேன். விடுன்னு சொல்றீங்க?"

"பழைய பேட்டை எவன் வாங்குவான்?"

அடுத்த தடவை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான், வழியெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டி இருந்தார்கள். கடைக்குள் வராமல் இவர் வாசலில் நின்று தொங்கவிட்டிருந்த கால்பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார். கள்ளக் காசோலையை நீட்டுகிறவன் இப்படித்தான் வாசலைப் பார்ப்பான், ஓட வழி இருக்கிறதா என்று. நான் குரலை உயர்த்தினேன். கிரிக்கெட் மட்டை வாங்க வந்த ஒரு குடும்பம் வாங்காமலே வெளியே போனது. அதில் எனக்குச் சின்ன சந்தோஷம்.

"பூஜைக்கு அப்புறம் கண்டிப்பா, திதி," என்றார் கடைக்காரர்.

பூஜைக்கு அப்புறம். இந்த ஊரில் ஆவணி பிறந்துவிட்டால் பிளம்பரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோரும் சொல்கிற பதில் அது. ஆனால் எனக்கு ஆயுத பூஜைக்கு பேட் வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், அரிவாள்மணை, என் கண்ணாடிக்கூடு, இவர் பேட், எல்லாம் வரிசையாக இருக்கும். வெளியே நவமி டாக் மேளம் அதிரும், உள்ளே நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. அந்த பேட்டின் கழுத்தில் வருஷக்கணக்கான குங்குமம் அடுக்கடுக்காக ஏறி, மரத்தில் காய்ந்த பிசின் மாதிரி ஒட்டியிருக்கும்.

சஷ்டியன்றே கடை மூடிவிட்டது. நான் ஆற்றாமையில் புலம்பிக்கொண்டிருந்தபோது இவர் சொன்னார்:

"உறை இருக்கில்ல? உறையை வெச்சுடு."

வெறும் உறைக்குப் பொட்டு வைத்தேன். அழுகை வந்தது, கோபத்தில். இத்தனை வருஷம் அந்த பேட்டுக்கு நல்ல நேரம் பார்த்துப் பொட்டு வைக்கச் சொன்ன மனுஷன், ஒன்றும் நடக்காதது போலக் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பந்தல் பக்கம் போய்வருவதாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. வேலைக்கு வரும் மாஷி பூஜை லீவில் இருந்ததால் தப்பித்தாள், இல்லையென்றால் அவளைக் கேட்டிருப்பேன். மத்தியானம் பார்த்தால் சிமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது. வயசாகிவிட்டது என்று என் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டேன்.

துர்கா பூஜை முடிந்தது. லட்சுமி பூஜை கழியட்டும் என்றார் கடைக்காரர். அதுவும் கழிந்தது. காளி பூஜைக்குத் தெருவில் விளக்குத் தோரணம் கட்ட ஆரம்பித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. இவர் அலுவலகம் போனதும் கிளம்பினேன். இன்றைக்கு அந்தத் தடுப்புக்குப் பின்னால் நானே போய்ப் பார்த்துவிடுவது, இல்லாவிட்டால் போலீஸ். இதுதான் திட்டம்.

கடையில் அவர் இல்லை. சரக்கெடுக்கப் போயிருந்தாராம். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்த அம்மாவை பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிட்டு, பேட்டின் நிறத்தைச் சொன்னேன்.

"ஓ, மெட்ராஸி தாதாவோடதா?" என்று இவரை அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொண்டே சாதாரணமாக எழுந்து, தடுப்புக்குப் பின்னால் போய், கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "பூஜைக்கு முன்னாடியே கட்டி ரெடியா இருக்கே. இங்கேயே இருக்கட்டும்னுதானே தாதா சொன்னார்?"

நான் பேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் பேட்தான். புது நரம்பு விண்ணென்று இருந்தது. கழுத்தில் பழைய குங்குமம் கறுத்துக் கிடக்க, அதற்கு மேல் ஒரு புதுப் பொட்டு. குங்குமம் இன்னும் உதிரவில்லை. நான் வைக்கும் பொட்டு வட்டமாக இருக்கும். இது நீளமாக, கொஞ்சம் கோணலாக, மோதிர விரலால் இழுத்தது போல இருந்தது. இவர் நெற்றியில் வைத்துக்கொள்கிற மாதிரி. இந்தக் கையெழுத்தை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"நவமியன்னிக்கு வந்தாரே," என்றார் அந்த அம்மா. "கடை மூடியிருந்துச்சு. மாடிக்கு வந்து கூப்பிட்டார். கையில சின்ன டப்பா. இதுக்கு உங்க ஊர்ப் பூஜை பண்ணணும்னார். என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டார். தாதா கும்பிட்டுட்டு, டீ குடிச்சுட்டுப் போனார்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்றேன். என் குரல் எனக்கே விசாரணை மாதிரிக் கேட்டது.

அந்த அம்மா பட்டாணியைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நான் விடவில்லை.

நரம்பு கட்டக் கொடுக்க வந்த அன்றைக்கு இவருக்குக் கடை வாசலிலேயே மூச்சு முட்டி, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர்தான் அடுத்த சந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இதயம் பலவீனமாக இருக்கிறது, மருந்து சாப்பிட்டால் பயமில்லை, ஆனால் ஓடுவது ஆடுவது எல்லாம் இனி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவர் மாத்திரைகளை அலுவலக மேசையில் வைத்திருக்கிறாராம்.

"திதிகிட்ட சொல்லுங்கன்னு என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். தாதா கேக்கலை. பேட் வீட்டுக்கு வந்தா அவ ஆடச் சொல்வா, என்னால முடியாதுன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வராது, அவ அந்தக் கோப்பைக்காக அவ்வளவு ஆசையா இருக்கான்னார். பேட் ரெடியாகலைன்னா யார் மேலயும் குத்தம் இல்லையாம். நீங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போனா இவருக்கு ராத்திரி சோறு இறங்காது."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குத் தெரிந்தது கட்டின பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. அப்புறம் லேக்கைச் சுற்றி ஓடச் சொல்லி விடியற்காலையில் நான் அவர் போர்வையை இழுத்த நாட்கள் ஞாபகம் வந்து, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். டாக்டர் பெயரையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டேன். தனியாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எழுந்தபோது பேட் என் மடியிலேயே இருந்தது. அதைக் கல்லா மேல் வைத்தேன்.

"இங்கேயே இருக்கட்டும் பௌதி. நான் வந்தேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லவேண்டாம்."

சாயங்காலம் இவர் வந்ததும் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கடைக்குப் போனியா?"

"போனேன். காளி பூஜை கழியட்டும்னான்."

அவர் கழற்றின ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"அவன்தான் இருந்தானா? இல்ல, அவன் சம்சாரமா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தது அதுதான் முதல் முறை.

"அவனேதான். அதே சிரிப்பு, அதே குடோன் சாவி," என்றேன். என் குரல் எங்கும் பிசகவில்லை. எத்தனை பேர் எனக்கு எதிரே நின்று பொய் சொல்லியிருக்கிறார்கள், எங்கே பிசகும் என்று எனக்குத் தெரியாதா?

அவர் தோள் மெல்ல இறங்கியது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் டீயை நீட்டினேன்.

"அப்ப இந்த வருஷம் ஆட முடியாதுபோல இருக்கே," என்றார்.

"எப்படி ஆடறது? பேட்டே இல்லையே. எல்லாம் அந்தக் கடைக்காரனால."

"ஆமா," என்றார் அவர். "மோசமான ஆளு."