ஞாயிற்றுக்கிழமையில் வந்த பதில்

பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். முடிச்சூரில் ஒரு பள்ளியில் பல வருஷமாக எல்.கே.ஜி. டீச்சர். பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்த கையோடு கல்யாணம் ஆனதால் டிகிரி கிடையாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பள்ளி வேறு கைக்கு மாறியது. புது நிர்வாகி என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "சீக்கிரம் டிகிரி முடிச்சா டீச்சர். இல்லன்னா ஆயாவா இருந்துக்கோங்க."

ஆயா வேலை கேவலமில்லை. ஆனால் நான் கைபிடித்து 'அ' எழுத வைத்த பிள்ளைகள் இன்று இன்ஜினீயர்கள். 

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அழுதுகொண்டே சொன்னேன். சபையே எனக்காகப் பாரத்தோடு ஜெபித்தது. சபைச் செயலாளர் ரோஸி அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாக, "கர்த்தாவே, வழியைத் திறந்தருளும்!" என்றார்கள்.

திறந்தார். அடுத்த வாரமே கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லித் தெரிந்தது, பாதியில் படிப்பை விட்ட பெரியவர்களுக்கென்று தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பு இருக்கிறது. பழைய இரண்டு வருஷமும் கணக்கில் வரும். சாயங்காலம் போனிலேயே பாடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் போகவேண்டும்.

ஞாயிறு! அவ்வளவுதான். "ஆண்டவரோட நாள்ல காலேஜா?" என்று ரோஸி அக்கா என்னைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர்கள் மகன் ஞாயிற்றுக்கிழமையும் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறார். அந்த வேலை கிடைத்ததற்கு அக்கா சபையில் நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். எனக்கு மட்டும் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி என்று பெயர். என்ன நியாயம் இது?

சமையலறையில் நின்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். "இது நீர் கொடுத்ததுதானே? அப்ப கடைசி வரைக்கும் நீரே கூட்டிட்டுப் போம்."

கடைசிப் பரீட்சையும் ஞாயிறுதான். விடாத மழை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். வீட்டுக்காரர் ஆட்டோ தேடிப் போய் நனைந்து திரும்பினார். ஹால் டிக்கெட்டைப் பிடித்தபடி வாசலில் நின்று, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது வயதானவர்களை ஆராதனைக்கு ஏற்றிப்போகும் சபை வேன் வந்தது. பாஸ்டரே ஓட்டிவந்தார். உள்ளே ரோஸி அக்கா.

"ஏறும்மா."

"சர்ச்சுக்கு இல்ல பாஸ்டர், எனக்குப் பரீட்சை."

"தெரியும். ஏறு."

"ஆராதனைக்கு நேரமாகுதே பாஸ்டர்," என்றார் ரோஸி அக்கா.

"கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சா பரலோகம் ஒண்ணும் கவுந்துடாதுக்கா. நாமதானே உபவாசம் இருந்து இவளுக்காகக் கேட்டோம்?"

ஏறினேன். வேன் நேராகக் கல்லூரி வாசலுக்குப் போனது. வழி முழுக்க நான் அழுதேன்.

பாஸாகிவிட்டேன். என் வகுப்பு என்னிடமே இருக்கிறது. ஆண்டவருக்கே மகிமை. போன மாதம் ரோஸி அக்கா மெதுவாக வந்து, "எஸ்தர், என் மருமகளுக்கும் அங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். நானே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பாதியில் விட்ட சகோதரிகளே, தைரியமாகக் கேளுங்கள், அவர் தருவார். சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முழங்காலில் நின்று கேட்டது வந்து கதவைத் தட்டும்போது, வாசலில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள்.