தூளி இறங்கிய வழி

மலைமேல், திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், தார் ரோடு முடிகிற இடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மரவள்ளி மூட்டையோடு பக்கத்தில் நிற்பவர் பாப்பாத்தி. மேலே இருக்கும் அவர் ஊர்வரை ரோடு போட்டால், அவருடைய மிளகுக்கொடி படர்ந்த மரங்களெல்லாம் போய்விடுமாம். மலையை வெட்டுவது எனக்கும் ஆகாது.

"ரோடு கேக்கறவங்களுக்கு மலையோட அருமை எங்க தெரியுது?" என்கிறேன்.

அவர் முகம் சுருங்குகிறது. "அப்படிச் சொல்லாதீங்க. கேக்கறது எங்க பக்கத்து ஊட்டு செல்லம்மாளுங்க. மழையில அவ புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கழியில தூளி கட்டித் தூக்கியாந்தப்ப, கழியோட முன்முனை என் தோள்லதானுங்க இருந்துச்சு. இங்க வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு."

அண்ணாந்து பார்க்கிறேன். ஒற்றையடிப் பாதை மேகத்துக்குள்ளிருந்து பாறை பாறையாகச் செங்குத்தாக இறங்குகிறது. இதிலா, மழையில், தோளில் கழியோடு!

"அப்ப ரோடு வரட்டும்னு விட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. அந்த மரந்தான் எங்களுக்குச் சோறு. குடுக்க மாட்டேன்னு அவகிட்டயே சொல்லிட்டேன். அவளும் ரோடு கேக்கறத விடல. விடுன்னு சொல்ல நான் ஆருங்க?"

பஸ் வந்து நிற்கிறது. மூட்டையை ஏற்றிவிட்டு, பாப்பாத்தி படியிலேயே நின்றுகொண்டு பாதையைப் பார்க்கிறார். மேகத்துக்குக் கீழே ஒரு சேலை அசைகிறது.

"டிரைவரண்ணா, எடுத்துராதீங்க! செல்லம்மா வாரா!"