சுண்டிக்குளத்தில் பிடித்த விரதம்

என் பெரிய மாமா ஒரு காரியத்தைத் தொடங்கினால், அது அவருக்கு மட்டும் சந்தோஷமாகவும் மற்ற எல்லோருக்கும் தண்டனையாகவும் முடியும். அம்மாவின் மூத்த அண்ணன். கொழும்பில் ஒரு கந்தோரில் முப்பது வருடம் கடதாசி புரட்டிவிட்டு, ஓய்வூதியத்தோடும் ஒரு பைனாகுலரோடும் கோப்பாய்க்குத் திரும்பியவர். ஓய்வூதியத்தால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை. அந்தப் பைனாகுலர்தான் எங்கள் உயிரை வாங்கியது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம், கலவரத்துக்கு முன்னர். சுண்டிக்குளத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருப்பதாக யாரோ மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. தோட்டத்துக்கு இறைக்கிற நாள் என்று சொல்லி அப்பா தப்பிக்கொண்டார். அது இறைக்கிற நாளே இல்லை. அம்மாவால் தன் அண்ணனுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நான்கு பேரும் புறப்பட்டோம்.

பருத்தித்துறையில் இறங்கி, கிழக்குக் கரையால் போகும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். பஸ்ஸில் ஏறியதும் நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் இரண்டு பெரிய போத்தல்களில் ஓலைப் பைக்குள் இருந்தது. பை மாமாவின் பொறுப்பில் இருந்தது. இப்போதே குடித்தால் நடக்கும்போது என்ன செய்வாய் என்று அவர் ஒரு பிரசங்கம் செய்தார். தம்பிக்கும் கொடுக்கவில்லை. அவ்வளவு கவனமாகக் காத்த பையை, கடைசித் தரிப்பில் இறங்கும்போது சீற்றுக்குக் கீழேயே விட்டுவிட்டார். பைனாகுலர் மட்டும் அவர் கழுத்தில் பத்திரமாகத் தொங்கியது.

இதை நாங்கள் கண்டுபிடித்தது ஒரு மைல் நடந்த பிறகு. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பின்னேரம். திரும்பலாம் என்றார் அம்மா. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்றார் மாமா. அவர் போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். மாறாக, தாகம் என்பது மனதில்தான் இருக்கிறது என்றார்.

சரணாலயம் என்று எழுதிய துருப்பிடித்த பலகையைத் தாண்டி இன்னும் மூன்று மைல். முதலில் மணல். ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கு இழுத்தது. பிறகு நீரேரிக் கரைச் சேறு, மேலே உப்புப் பூத்த பொருக்கு. கால் வைத்தவுடன் பொருக்கு உடைந்து கணுக்கால்வரை உள்ளே போகும். என் செருப்பு ஒன்று அங்கேயே சமாதியானது. மாமா முன்னால் நடந்தபடி விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். இங்கே ஓர் இறகைக்கூட எடுக்கக்கூடாது, சட்டம். எந்தத் தேசத்துப் பறவையும் இங்கே வந்து இறங்கலாம், ஒருவரும் துரத்த முடியாது. நான் ஒரு சங்கைக் குனிந்து எடுத்தேன். அதையும் வைக்கச் சொன்னார். பொம்பிளைப் பிள்ளைக்கு வாயும் நீளம், கையும் நீளம் என்றார்.

கடைசியில் பூநாரைகளைக் கண்டோம். கண்டோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தண்ணீரின் அந்தக் கரையில், கானலுக்குள், ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மாமா கால்மணித்தியாலம் பைனாகுலருக்குள்ளேயே இருந்துவிட்டு என்னிடம் தந்தார். எனக்கு மங்கலாக ஏதோ ஆடியது. அதைச் சரிப்படுத்துவதற்குள் பறித்துக்கொண்டார். இதற்காகவா ஐந்து மணிக்கு எழுப்பினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது.

அம்மா தன் பையில் கட்டி வந்த சாப்பாட்டுப் பொதிகளில் ஒன்றைப் பிரித்தார். வாழையிலையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். தண்ணீரில்லாமல் புட்டுச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் வாயே தொண்டையில் நின்றது. அம்மா திரும்பக் கட்டி வைத்தார். அதுவரை தண்ணீர் தண்ணீர் என்று அழுதுகொண்டிருந்த தம்பி, அப்போது அழுவதை நிறுத்தினான். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவனைத் தூக்கித் தோளில் போட்டார். அவன் தலை துணிபோலத் தொங்கியது. அப்போதுதான் எனக்கும் பயம் பிடித்தது.

திரும்பும் வழியில், கடல் பக்கமாக, தென்னைகளுக்குள் இரண்டு மூன்று குடிசைகள் இருந்தன. மீன்பிடிக்கிற ஆட்கள். முதல் குடிசை வாசலில் ஒரு பெண் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணலைத் தோண்டி நன்னீர் எடுக்கும் பூவல் ஒன்றும், நிறைந்த குடமும். அந்தக் குடத்தைத் தவிர என் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும், நாங்கள் கேளாமலே, அவர் ஒரு செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து, குடிக்கச் சொல்லி நீட்டினார்.

மாமா வேலிக்கு வெளியிலேயே நின்றார். உதடு வெடித்து, குரல் கரகரத்துப் போயிருந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு எங்களுக்கு விரதம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குத் தெரிந்த எந்த விரதத்திலும் தண்ணீருக்குத் தடை இல்லை. கந்தசஷ்டிக்கு மிளகை விழுங்கிவிட்டுக் கிடப்பவர்கள்கூட மேலே தண்ணீர் குடிப்பார்கள். இந்த விரதம் எப்போது தொடங்கியது என்றும் விளங்கவில்லை. பெரியவர்களுக்கு மறதி வந்தால் பிள்ளைகள்தானே ஞாபகப்படுத்த வேண்டும்.

“இல்லை அக்கா, மாமா காலமை பத்து இடியப்பம் சாப்பிட்டவர்” என்றேன்.

அம்மாவின் கை என் தோளில் வந்து கிள்ளியது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. செம்பை நீட்டிய கையை மட்டும் மடக்கிக்கொண்டார். இளநி என்றால் குடிப்பீர்கள்தானே, ஆனால் மரமேற ஆளில்லை, வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார் என்றார். இளநி பரவாயில்லை, தண்ணீர் வேண்டாம் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமாவும் உடனே, தரிப்பில் கடை இருக்கிறது, சோடா வாங்கிக் கொடுக்கலாம், நட என்றார். தரிப்புக்கு இன்னும் இரண்டு மைல்.

அந்தப் பெண் அம்மாவின் தோளில் கிடந்தவனைக் காட்டி, “உந்தச் சின்னனுக்குமோ விரதம்?” என்று கேட்டார்.

மாமா பைனாகுலரின் வாரைச் சரிசெய்தார். அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். தன் அண்ணனை எதிர்த்து அம்மா ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

“பிள்ளை கண் திறக்கிறானில்லை அண்ணை. நான் தண்ணி குடுக்கப் போறன். நீங்கள் நிண்டு பறவையைப் பாருங்கோ.”

சொல்லிவிட்டு அம்மா வேலிக்குள் போனார். அந்தப் பெண் தம்பியை வாங்கி மடியில் கிடத்தி, முகத்தைத் துடைத்து, விரலை நனைத்து உதட்டில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வார்த்தார். நாலாவது மிடறில் அவன் செம்பைத் தானே பிடித்துக்கொண்டான். எனக்கு மூன்று செம்பு தந்தார். அதுபோல் ஒரு தண்ணீரை நான் பிறகு குடித்ததில்லை. அடுத்த செம்பை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை வாங்கி வாய்வரை கொண்டுபோனார். வேலிக்கு வெளியே மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா அந்த முதுகைப் பார்த்தார். எனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கிடைத்ததே போதும் என்று செம்பைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அவர் பேச்சிலேயே தெரிந்தது. எனக்கு அலுத்துப் போய்விட்டது. இந்தப் பெரியவர்களை என்னதான் செய்வது?

புறப்படும்போது அம்மா பிரிக்காத சாப்பாட்டுப் பொதி ஒன்றை எடுத்து நீட்டினார். “புட்டு. நாங்கள் கை வைக்கேல்லை. எடுங்கோ” என்றார்.

அந்தப் பெண் பொதியைத் தொடவில்லை. அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. வாசம் வேலிவரை வந்தது.

“வேண்டாம் அம்மா. இண்டைக்கு எங்களுக்கும் விரதம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மாவும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு பொதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தரிப்புக்கு வந்து சேர்ந்தோம். கடை பூட்டியிருந்தது.

வீடு திரும்பும் பஸ் வல்லை வெளியைக் கடக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தம்பி நித்திரை. எனக்கு அந்தப் பெண்ணை நினைக்கப் பாவமாக இருந்தது. எவ்வளவு நல்ல மனிசி, ஆனால் ஒரு விஷயம் தெரியவில்லையே என்ற கவலை.

“அம்மா, அந்த அக்கா விரத நாளிலை மீன் காய்ச்சினவ. விரதம் எப்பிடிப் பிடிக்கிறதெண்டு அவவுக்கு ஆராவது சொல்லிக் குடுக்க வேணும்” என்றேன்.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முன் சீற்றில் இருந்த மாமா, காலையிலிருந்து என் ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னை அதட்டியவர், இப்போது தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் சொன்னது சரி என்று அவர் ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.