மணிக்கு நாலு மைல்

கால்வாய்ப் படகில் மூன்று நாள் ஹொலிடே. புக் பண்ணியது மனைவி. மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்று, ஹவுன்ஸ்லோவில் டெலிவரி வான் ஓட்டுகிற எனக்கு யாரும் முதலே சொல்லவில்லை.

இன்று காலை, கரையில் நாயோடு நடந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்களை முந்திப் போனார்.

நான் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன். கரையில் கட்டியிருந்த படகுகள் எல்லாம் ஆடத் தொடங்கின. ஒன்றிலிருந்து ஒருவர் கோப்பையோடு எட்டிப் பார்த்து, "ஸ்லோ டவுன், மேட்" என்றார்.

"அந்தாளின்ரை தேத்தண்ணி ஊத்துப்பட்டிட்டுது. குறையுங்கோ" என்றாள் மனைவி.

எனக்குப் பொறுக்கவில்லை. "இனி நீரே படகை ஓட்டும். நான் நடந்து போய் லொக்குக் கதவைத் திறந்து வைக்கிறன்" என்று இறங்கிவிட்டேன்.

தண்ணீரைக் கூட்டிக் குறைத்து படகை ஏற்றி இறக்குகிற லொக்கின் பெரிய மரக்கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, போனையும் கால்வாய் வளைவையும் மாறிமாறிப் பார்த்தபடி இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் படகு வந்தது. அவளுடைய ஒரு கையில் சுக்கான், மறுகையில் பிளேன்டீ, முகத்தில் நான் கனகாலம் காணாத ஆறுதல்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"நீங்கள் இறங்கின பிறகுதான் எனக்கு ஹொலிடே தொடங்கினது."

அடுத்த லொக்குக்கு இரண்டு மைல். நடக்கவா, ஏறவா? நீங்களே சொல்லுங்கோ.