பன்னிரண்டு நாள் திருட்டு மாத்திரை

மாத்திரை அட்டை மொடமொடக்கும் சத்தம். ஜெபக்கூட்டத்தில் யாராவது பிதுக்கினால்கூட இன்றும் என் ஜெபம் பாதியில் நின்றுவிடும். ஏன் என்று சாட்சி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் வலது கை விழுந்தது. நடவு நாளில் நாற்றுமுடி நழுவி நழுவிச் சேற்றில் கிடந்தது. கூலிச் சண்டையில் லத்தி பட்ட கை அது. அந்தச் சண்டைக்குப் பிறகு, ஆட்சி மாறித்தான் எங்களுக்கு இரண்டு மா நிலமும் பட்டாவும் வந்தது. பழைய அடிதான் என்று எண்ணெய் தேய்த்தோம். பிறகு நாக்கு குழறியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: தசையை அசைக்கும் நரம்பு சாகிறது, மருந்தில்லை. திரும்பும்போது பஸ் எங்கள் கீழ்வேளூர் வரும்வரை நான் ஆண்டவரோடு பேசவில்லை.

அடுத்த மாதம் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு மருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டார். "புது மருந்து இல்லைம்மா. ரத்தக்கொதிப்புக்குப் பல வருஷமா கொடுக்கிறதுதான். இந்த நோயை மெதுவாக்குதான்னு பார்க்கிறோம். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

நிஜ மாத்திரையே அவருக்கு விழட்டும் என்று முழங்காலில் நின்றேன். ஜெபித்தேன், நம்பவில்லை. பக்கத்து வீட்டு லூர்து அக்காவும் ரத்தக்கொதிப்புக்கு அதே மாத்திரைதான் சாப்பிடுவார். அவரிடம் ஒரு அட்டை வாங்கி, சிலுவை போட்டு, சோதனை மாத்திரை போதாதென்று தினமும் அவருக்குத் தெரியாமல் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வரப்பில் நடந்தவர் தலைசுற்றி வாய்க்காலில் குப்புற விழுந்தார். ஊன்றி எழக் கையில் வலுவில்லை. ஊரே தண்ணீருக்கு ஜெபித்த வாரம் அது. முந்தின நாள்தான் வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் ஓடியிருந்தால் அவர் இல்லை. நான் கேட்காத ஜெபத்துக்கு வந்த பதில், அந்த வெறும் வாய்க்கால்.

டாக்டரம்மாவிடம் அழுது ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை; கூடுதல் மாத்திரை ரத்த அழுத்தத்தை இறக்கியிருக்கும் என்று சொல்லி எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர்தான் குழறிக் குழறிச் சொன்னார்: "பாதி வயல்ல புது நெல்லு, பாதியில பழசு போட்டுப் பார்க்கிறோம். ஒரு பக்கம் மட்டும் நீ திருட்டுத்தனமா யூரியா போட்டா, எது நல்ல நெல்லுன்னு எவனுக்குப் புள்ள தெரியும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மேலிடத்தில் கேட்டு, என் வீட்டுக்காரரைச் சோதனையில் தொடரவிட்டார்கள். "எனக்கில்லாட்டி அடுத்தவனுக்கு விளங்கட்டும்" என்றார். கோயில் வாசலே மிதிக்காத விவசாயக் கூலிச் சங்கத்து ஆள்!

அவர் குணமாகவில்லை. எந்த மாத்திரை விழுந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் இன்னும் இரண்டு அறுப்பு பார்த்தார். எதைக் கொடு என்று ஆண்டவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதோடு நின்றது. நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையைத் திறந்து வையுங்கள்.

கடைசித் தடவை தஞ்சாவூரில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, இடது கையால் என் முந்தானையைப் பிடித்தார். சொல்லில் பாதி காற்று.

"செல்வி... யூரியா போட்டுடாத."