தண்ணீரில் இறங்கக் கூடாத நீச்சல் சங்கம்

ரெண்டு பேர் சேர்ந்து கதைத்தால் அது சிநேகம், பத்துப் பேர் சேர்ந்து கதைத்தால் அது சங்கம், அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து கதைக்கலாம் என்று சீல் குத்திக் கொடுப்பது என்னுடைய தொழில்.

கல்முனைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர் விவகாரக் கிளார்க்காக இருந்தேன். நீங்களும் ஏதாவது ஒரு கந்தோருக்குப் போயிருப்பீங்க, "இது இங்க இல்ல, அந்த மேசைக்குப் போங்க" என்று அனுப்பியிருப்பாங்க. அந்த மேசை நான்தான். என்னை ஏசாதீங்க. அல்லாஹ்வே சாட்சி, உங்களுக்கு விளங்காத ஒன்றும் எனக்கும் விளங்கினதில்லை.

முதலில் எது?

வடக்கில் சண்டை முற்றிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் ரெண்டு மாணவிகள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி சுகந்தி, பெரியநீலாவணை மீன்பிடிக் குடும்பம். மற்றவள் பர்ஹானா, மருதமுனை. பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சங்கம் வேணுமாம். நான் சிரித்துவிட்டேன். "கடற்கரைப் புள்ளைக்கு நீச்சல் படிப்பிக்கச் சங்கமா?" என்று கேட்டேன்.

சுகந்தி சிரிக்கவில்லை. "எங்கட பக்கம் ஆம்புளைகள்தான் சேர் நீந்துவாங்க. சுனாமி அலை வந்த அண்டைக்கு நான் முருங்கை மரத்தப் பிடிச்சிக்கிட்டு நிண்டன். தம்பி கொஞ்சம் தள்ளித் தண்ணிக்குள்ள. கூப்பிட்டான். எனக்கு நீந்தத் தெரியா" என்றாள். தாய் அதற்குப் பிறகு அவளை முழங்கால் தண்ணிக்கும் விடுவதில்லையாம். கல்லூரி அங்கீகரித்துச் சீல் வைத்தால் மட்டும் விடுவேன் என்று சொல்லியிருக்கிறா. நீந்தத் தெரிந்த ஒரே ஆள் பர்ஹானா. அவள் படிப்பிப்பாள்.

சரி என்று விதிகளை எடுத்தேன். சங்கத்துக்கு அங்கீகாரம் வேணுமென்றால் பொறுப்பு விரிவுரையாளர் ஒருவர் வேணும். கணக்கியல் படிப்பிக்கிற ஜெயசீலன் சேரிடம் அனுப்பினேன். அவர் நல்ல மனுசன், விதியும் படித்தவர். அங்கீகாரமில்லாத சங்கத்துக்கு விரிவுரையாளர் பொறுப்பெடுக்கக் கூடாது என்று அதே தாளின் மறுபக்கத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் இந்தப் பக்கத்தைப் படித்தேன், அந்தப் பக்கத்தைப் படித்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். கடைசியில் சேரின் பொறுப்புக் கையெழுத்தையும், அங்கீகாரக் குழு கூடும்வரைக்கும் கல்லூரி அதிபரின் தற்காலிக அங்கீகாரக் கையெழுத்தையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைத்து வாங்கினேன். அதற்கு முன்னம் பர்ஹானா ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், அப்ப இந்தக் கல்லூரியில முதலாவது சங்கம் எப்படி வந்த?"

கூட்டத்துக்கு ஒரு கிழமை

சங்கத்தின் யாப்பில் கூட்டம் நடக்கிற கிழமையை எழுத வேணும். என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, சரிவராது. ஞாயிறு ஜெயசீலன் சேர் கோயிலுக்குப் போக வேணும், மெதடிஸ்த திருச்சபையில் அவர்தான் பாட்டுக்குப் பொறுப்பு. செவ்வாய் சுகந்தியின் பக்கத்துப் பிள்ளைகள் அம்மன் கோயிலுக்கு விரதம். திங்களும் வியாழனும் பர்ஹானாவின் கூட்டாளிமார் விருப்பத்துக்குப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு. நோன்போடு நீந்தினால் தண்ணி வாய்க்குள் போகுமா போகாதா என்று ஒரு வாதம் தொடங்கி அரை மணித்தியாலம் ஓடியது. புதன் சேருக்கு அக்கரைப்பற்றில் வகுப்பு. சனி எல்லோருக்கும் ரியூசன் வகுப்பு.

'வசதியான நாளில்' என்று எழுதி அனுப்பினேன். அதிபர் சிவப்புப் பேனையால் வெட்டி, 'எந்த நாள்?' என்று எழுதித் திருப்பிவிட்டார். எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்று திரும்பவும் வெள்ளியிலிருந்து தொடங்கினார்கள். அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத சுகந்திக்குப் பொறுமை போனது.

"அலை நாள் பாத்தா சேர் வந்த?"

நான் சனிக்கிழமை என்று எழுதினேன். ஒருத்தியும் ரியூசனைப் பற்றிக் கதைக்கவில்லை. இந்தத் துணுக்கை அவளுடைய பேச்சோடு முடித்திருக்கலாம்தான், ஆனால் சனிக்கிழமை எப்படி வந்ததென்று நீங்க கேட்பீங்க.

ஆட்சேபனை இல்லை

கடற்கரையில் இளம் ஆட்கள் கூடுவதென்றால் பொலிசிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்க வேணும். சுகந்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாளில் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் 'பயிற்சி' என்ற சொல்லைப் பொலிசில் சொல்லிப் பாருங்க, ஆயுதப் பயிற்சி என்றுதான் காதில் விழும். நிலையப் பெரியவர் சிங்களவர், தமிழ் நல்லாக் கதைத்தார். கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீந்திப் பழகி எங்க போறது?" என்று கேட்டார்.

நான் சங்கத்தின் நோக்கங்களை ஒப்புவிக்கத் தொடங்கினேன். சுகந்தி என்னை முந்திக்கொண்டு, "எங்கயும் போறதுக்கில்ல சேர். தண்ணி வந்தா மேல வாறதுக்கு" என்றாள். முடிந்தது கதை, ரெண்டு பேரையும் உள்ளே வைக்கப் போறார் என்று நான் பாதுகாப்புக் கேட்டு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, தாளை என்னிடம் தராமல் அவளிடம் நீட்டி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

"எனக்கு ஊர் மாத்தறை, நங்கி. அங்கயும் தண்ணி வந்த."

அங்கீகாரம்

அங்கீகாரக் குழு கூடின வாரம்தான் சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. தெருவில் யாரோ வெடி கொளுத்தினார்கள், யாரோ கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு வெளியே போவதென்று தெரியாத வாரம் அது. குழு மட்டும் வழக்கம்போல் நடந்தது. குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதி, தேவாரம் பாடி, வேதாகமம் வாசித்து முடியும்போது தேத்தண்ணி ஆறிவிட்டது. "ஒரு புள்ளைக்கு ஏதும் ஆகினா யாரு பதில் செல்ற?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மறுமொழிதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை: நீச்சல் சங்கம் அங்கீகரிக்கப்படுகிறது, அங்கத்தவர்கள் கடலிலோ களப்பிலோ ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது.

அதிபர் சந்தோசமாகக் கையெழுத்திட்டார். கடிதத்தை சுகந்தியிடம் கொடுக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "அப்ப என்னத்துக்கு சேர் இந்தச் சீல்?" என்றாள். பர்ஹானா அதை எடுத்து, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். அவளுடைய மாமா நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர். குழுவில் இருந்தவர்களும் குறிப்பெடுத்த நானும் கடற்கரை ஆட்கள். எங்களுக்குத் தண்ணி என்றால் முன்னால் கிடக்கிறதுதான். முதுகுப் பக்கம் வயலுக்கு ஓடுகிற தண்ணி ஞாபகத்துக்கே வராது.

"நான் நீந்திப் பழகினது வாய்க்கால்ல, சேர். இதுல வாய்க்கால் எழுதல்லயே."

ஒரு விண்ணப்பம்

சில சனிக்கிழமைகள் போன பிறகு சுகந்தியின் தாய் என் மேசைக்கு வந்தா. போச்சுடா, முறைப்பாடு வந்துவிட்டது என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். நான் இருக்கச் சொல்லியும் அவ இருக்கவில்லை. முதல் நாள் பிள்ளையைக் காவல் பார்க்கத்தான் வாய்க்காலுக்குப் போனாவாம். கரையில் குந்தியிருந்து கண்ணை மூடிக்கொண்டாவாம். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போயிருக்கிறா.

"புள்ள இப்ப மிதக்கிறாள் தம்பி. கையக் கால அடிச்சி அந்தக் கரைக்குப் போயிட்டுத் திரும்பி வாறாள்" என்றா. நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவ சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டா. அலை வந்த அன்றைக்கு வீட்டுக் கூரையில் இருந்துகொண்டு மகன் கூப்பிட்டதைத் தானும் கேட்டதாகச் சொன்னா. அது சுகந்திக்குத் தெரியாதாம். விதியின்படி கல்லூரியில் பதிந்த மாணவர் மட்டும்தான் அங்கத்தவர். அந்த விதியை நான் வாயால் சொல்லப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவ கேட்டது இவ்வளவுதான்:

"தம்பி, இந்தச் சங்கத்தில தாய்மாரச் சேர்க்க ஏலுமா?"

இத்தனை வருசம் சீல் குத்தியும் ஒரு சங்கத்தை உண்மையில் அங்கீகரிக்கிறது யார் என்று எனக்கு விளங்கவில்லை, அது எங்கள் குழு இல்லை என்பது மட்டும் அன்றைக்கு நல்லாத் தெரிந்தது.